நன்றிக் கடிதத்தில் எழுத முடியாதவை: சுகாதாரப் படிப்புக்கான நினைவு நிதிகள் பற்றி ஒரு தகப்பனின் மதிப்பீடு

கோழிச்சோற்றுக் கடைக்கு மதிப்பீடு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏர்கான் கழுவ வருகிறவருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். பிள்ளையின் படிப்பைத் தாங்குகிற உதவிநிதிக்கு மட்டும் எவரும் மதிப்பீடு எழுதுவதில்லை. வாங்கியவர்கள் நன்றிக் கடிதம் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிடைக்காதவர்கள் எழுதினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். நான் வாங்கியவளின் தகப்பன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாதிமைப் பட்டப்படிப்பில், அதாவது நர்சிங்கில், மூன்றாம் ஆண்டு. அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி, கட்டாயத் தேசிய சேவை இரண்டையும் முடித்துவிட்டு ஃபிசியோதெரபி படிக்கிறான். அக்கா கணவர் இறந்துவிட்டதால் அவனுடைய விண்ணப்பங்களையும் நான்தான் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்குமாக நாங்கள் விண்ணப்பிக்காத நிதி குறைவு.

படித்துப் படித்து நான் கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவிநிதியின் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது, எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கையெழுத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் இதைப் பாண்டு என்போம். மருத்துவமனைக் குழுமங்களும் சுகாதாரத் துறை அமைப்புகளும் தரும் உபகாரச் சம்பளத்தில் பெரும்பாலானவற்றுக்கு இது உண்டு. கட்டணம் முழுவதையும் அவர்கள் கட்டிவிடுவார்கள், மாதாமாதம் செலவுக்கும் கொடுப்பார்கள்; படித்து முடித்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் அவர்கள் சொல்கிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும். இடையில் விலகினால் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு குடும்பமோ, ஓர் அறக்கட்டளையோ, மறைந்தவர் ஒருவரின் பெயரில் அவர் பிள்ளைகளோ பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் நினைவு நிதி வேறு மாதிரி. தொகை சிறியது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பாண்டு கிடையாது. மதிப்பெண்ணையும் வீட்டு வருமானத்தையும் பார்ப்பார்கள், ஒரு நன்றிக் கடிதம் கேட்பார்கள், ஆண்டுக்கு ஒரு முறை தேநீர் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

மகளுக்கு இரண்டு கதவுகளும் திறந்தன. ஒரு பக்கம் முழுக் கட்டணமும் மாதச் செலவும், கூடவே நான்கு ஆண்டுப் பாண்டு. மறுபக்கம் ஒரு நினைவு நிதி, ஆண்டுக்கு 4,000 வெள்ளி, ஒரு கட்டும் இல்லை. "பெரியதை எடுத்தால் நிம்மதி" என்றாள் மனைவி. மாமனார் உட்பட வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். மகள் மட்டும் பேசவில்லை. நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விவரம் இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நாம் கட்டுவது முழுக் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சு பெரும் பகுதியை மானியமாகத் தருகிறது. அந்த மானியத்துக்காகத் தாதிமையோ ஃபிசியோதெரபியோ படிக்கும் குடிமக்கள் எந்தப் பாண்டிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கு விதி தனி. குடிமகனாக இருந்தாலும் படித்து முடித்ததும் 5 ஆண்டுகள் அரசாங்கப் பணி, பல் மருத்துவத்துக்கு 4 ஆண்டுகள். உபகாரச் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது உண்டு.

ஆகவே பாண்டு இல்லாத பணம் என்பது மருத்துவ மாணவருக்கு வெறும் பணம்தான். அவர் கையெழுத்து ஏற்கெனவே வேறு தாளில் இருக்கிறது. தாதிமை மாணவிக்கோ அது பணமும் சுதந்திரமும் சேர்ந்தது. என் மகளுக்கு வார்டில் வேலை பார்ப்பதைவிட வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிப்பதில் விருப்பம் அதிகம். கடைசிக் கால நோயாளிகளைக் கவனிக்கும் அறநிறுவனங்களைப் பற்றி அடிக்கடி பேசுவாள். 22 வயதில் அவள் மனம் எங்கே போகும் என்று 18 வயதிலேயே எழுதிக் கொடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்னதை எடுத்துக்கொண்டோம். மீதிக்கு வங்கியின் கல்விக் கட்டணக் கடன் இருக்கிறது. கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறார்கள், படித்து முடிக்கும் வரை வட்டி இல்லை.

அக்கா மகன் விஷயத்தில் நேர்மாறாகச் சொன்னேன். அவன் வீட்டில் மாதம் பிறந்தால் பணம் வேண்டும். அக்கா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள், தங்கை இன்னும் உயர்நிலைப் பள்ளியில். ஆண்டுக்கு ஒரு தடவை வருகிற 4,000 வெள்ளி அந்த வீட்டுக்கு உதவாது. அவனுக்கோ பெரிய மருத்துவமனையில் விளையாட்டு வீரர்களின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே ஆசை. பாண்டு போட்டாலும் போடாவிட்டாலும் அங்கேதான் போய் நிற்பான். போகிற இடத்துக்கே பணம் கொடுத்துக் கூப்பிட்டால் போகத் தடை என்ன? "மாமா, அவளுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டான். இரண்டு வீட்டின் வரவுசெலவையும் அருகருகே எழுதிக் காட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

விண்ணப்ப அனுபவத்துக்கு வருகிறேன். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகப் பாதி விவரம் தானாக நிரம்பிவிடுகிறது, நல்லது. மீதிப் பாதிதான் தொல்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை குடும்பத்தின் தனிநபர் வருமானம்: வீட்டில் எல்லோருடைய மொத்தச் சம்பளத்தையும் கூட்டி, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கேட்க எளிது. என் அம்மா சாப்பிடுவது, தூங்குவது, மருந்துக்கு அழைத்துச் செல்லப்படுவது எல்லாம் எங்கள் வீட்டில். அடையாள அட்டையில் இருக்கும் முகவரியோ தம்பி வீடு. வகுக்கும்போது அம்மா எங்கள் கணக்கில் இல்லை, செலவில் மட்டும் இருக்கிறார். ஒரு நிதி இதனாலேயே கை நழுவியது. அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். அவர்கள் விதியைக் காட்டினார்கள். நானும் வேலையில் அதைத்தான் செய்வேன் என்பதால் சண்டை போடவில்லை. முகவரியை மாற்ற வேண்டியிருந்தால் விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கட்டுரை. "நீங்கள் எதிர்கொண்ட சோதனைகளையும் அவற்றைக் கடந்த விதத்தையும் விவரிக்கவும்." ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் இது இருக்கிறது. இதைப் படித்ததும் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் சோகத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மகளுடைய முதல் படிவத்தில் நான் ஏறக்குறைய இறந்து பிழைத்திருந்தேன். இன்னும் இரண்டு பக்கம் இடம் கொடுத்திருந்தால் ஸ்டென்ட் நான்காகியிருக்கும். "அப்பா, கண்ணீர் இல்லாமல் எழுதினால் எடுக்க மாட்டார்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வருமானத்தை ஏற்கெனவே சம்பளச் சீட்டில் பார்த்துவிட்டீர்கள். அதற்கு மேல் எதற்காகப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் துயரத்தை அழகான நடையில் கேட்கிறீர்கள்? வறுமையை நன்றாக எழுதத் தெரிந்தவளுக்கு உதவி, எழுதத் தெரியாதவளுக்கு இல்லை என்று ஆகிவிடாதா?

இந்த விஷயத்தில் மகள் கடைசியில் வாங்கிய நினைவு நிதி மற்றவற்றைவிட மேல். அதில் கட்டுரையே கிடையாது. மதிப்பெண், வருமானம், பிறகு ஒரு சிறிய நேர்காணல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மூத்த தாதி. அவர் கேட்டது ஒரே கேள்வி: வார்டில் ஒரு முதியவர் காலையில் கொடுக்கும் கஞ்சியைத் தொடவே மறுக்கிறார், பேசுவதும் புரியவில்லை, என்ன செய்வாய்? மகள் அப்போதுதான் முதல் மருத்துவமனைப் பயிற்சியை முடித்திருந்தாள். அங்கே தமிழ் தவிர வேறு மொழி தெரியாத ஒரு பாட்டி, சீனப் பக்குவத்தில் உப்பில்லாமல் வரும் கஞ்சியை நாள்தோறும் தள்ளிவைத்துக்கொண்டிருந்தாராம். வார்டில் எல்லோரும் அவருக்குப் பசியில்லை என்று குறித்துவைத்திருக்கிறார்கள். இவள் போய்க் கேட்டால், "வெள்ளிக்கிழமை அதுவுமா இதில் மீன் வாசம் வருகிறது" என்றிருக்கிறார். அதைத்தான் நேர்காணலில் சொன்னாள். இரண்டு பக்கக் கட்டுரையில் தெரியாதது அந்த ஒரு பதிலில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சேவையின் மிக மோசமான பகுதி காலம். கல்வி ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. கட்டணத்துக்கான பட்டியல் உடனே வந்துவிடும். தாதிமை மாணவிக்கு அதோடு முடிவதில்லை. பயிற்சிக்குப் போகும் முன் தடுப்பூசிச் சான்றிதழ்கள் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி போட வேண்டும். உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். சீருடை வேண்டும். எட்டு மணி நேரம் நின்றாலும் தாங்குகிற காலணி வேண்டும், அது மலிவாகக் கிடைப்பதில்லை. இவை எல்லாமே முதல் சில மாதங்களில் வருகிற செலவு. உதவிநிதி முடிவு தெரிந்தது அக்டோபர் கடைசியில். பணம் கணக்கில் ஏறியது டிசம்பரில். தீபாவளி முடிந்து, தேர்வும் முடிந்து, கடன் அட்டையில் நான் போட்ட தொகைக்கு வட்டியும் ஏறிய பிறகு.

ஏன் என்று கேட்டால் வரிசையாகக் காரணம் சொல்கிறார்கள்: விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும், நன்கொடையாளருக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சரக்கு வந்து இறங்கி மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர் சொல்வோம். இரண்டாம் ஆண்டிலிருந்தாவது ஆகஸ்டிலேயே தரலாம் அல்லவா? ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிள்ளை, மதிப்பெண்ணும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அப்படியும் மறுபடி டிசம்பர்தான்.

பகுதி நேர வேலை பார்க்கலாமே என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. வணிகம் படிக்கும் பிள்ளை மாலையில் துணிக்கடையில் நிற்கலாம். பயிற்சிக் காலத்தில் தாதிமை மாணவி காலை ஷிப்டும் மாலை ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறாள், அதற்குச் சம்பளம் இல்லை. ஃபிசியோதெரபி மாணவர்களுக்கும் வாரக்கணக்கில் முழுநேரப் பயிற்சி உண்டு. அக்கா மகன் அதுவரை உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தான், பயிற்சி தொடங்கியதும் சைக்கிளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டான். சுகாதாரப் படிப்புக்கு நன்கொடை தருகிறவர்கள் கட்டணத்தை மட்டும் நினைக்கிறார்கள். கட்டணத்துக்குக் கடன் கிடைக்கும். உழைக்க முடியாத அந்த வாரங்களுக்குத்தான் கடன் கிடைக்காது.

நன்கொடையால் மருத்துவம் வளர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. தான் டோக் செங் கொடுத்த 5,000 வெள்ளியில்தான் 1844இல் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1905இல் மருத்துவப் பள்ளி திறந்ததும் ஊர்ப் பணத்தில்தான். தான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள், அதில் 12,000 அவருடைய சொந்தப் பணம். பள்ளி அமைந்த இடத்துக்குப் பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த பகுதி என்பதால் வந்த பெயர். இன்றைய சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகம் அங்கேதான். அங்கே செங்கல் நிறத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு, தான் டெக் குவான் கட்டடம். 1911இல் மகன் தான் சே யான், தந்தையின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. மகள் அதைத் தாண்டித்தான் பயிற்சிக்குப் போவாள். நினைவு நிதி என்ற ஏற்பாட்டின் வயதைத் தெரிந்துகொள்ள அந்தச் சுவரைப் பார்த்தால் போதும்.

நூறு ஆண்டு கழித்தும் வழக்கம் மாறவில்லை, தொகைதான் மாறியிருக்கிறது. 2005இல் யோங் லூ லின் அறக்கட்டளை தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 100 மில்லியன் வெள்ளி கொடுத்தது, மருத்துவப் பள்ளி அவர் பெயரைப் பெற்றது. 2007இல் கூ டெக் புவாட்டின் குடும்பச் சொத்திலிருந்து டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு 80 மில்லியன். 2011இல் லீ அறநிறுவனம் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு 150 மில்லியன், அங்கே லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி. தாதிமைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ மையம். மறுக்கவில்லை. ஆனால் மருத்துவப் பள்ளியின் தொடக்கத்துக்கும் தாதிமைப் பட்டப்படிப்பு இங்கே 2006இல் தொடங்கியதற்கும் இடையில் நூற்றாண்டு ஒன்று போய்விட்டது. அதுவரை 1956இல் திறந்த தாதிமைப் பள்ளியும், 1992 முதல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும்தான். பட்டமே தாமதமாக வந்தால் பட்டத்துக்கான நிதி எப்படி முந்தி வரும்?

நம் வீடுகளிலும் இதே கதைதான். எஸ். எஸ். ரத்னம் ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறக்கக் காரணமானவர் என்று எல்லாருக்கும் தெரியும். 1968இல் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கிவைத்த பேராசிரியர் கே. சண்முகரத்னத்தை அதிபர் தர்மனின் தந்தை என்றாவது தெரியும். ஒரு தாதியின் பெயர் சொல்லுங்கள் என்றால் மேசையில் அமைதி. சார்ஸ் காலத்தில், 2003இல், இங்கே 238 பேருக்குத் தொற்று, 33 பேர் மரணம். தான் டோக் செங் மருத்துவமனைத் தாதி ஹமீதா இஸ்மாயில் அவர்களில் ஒருவர். மகள் சொல்லித்தான் அந்தப் பெயரை நானே தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு மக்கள் கொடுத்த பணத்தில் உருவான துணிவு நிதியிலிருந்து சுகாதார ஊழியர்களுக்கு இன்றும் விருது தருகிறார்கள். மக்கள் கொடுக்காமல் இல்லை. பயம் வரும்போது கொடுக்கிறோம்.

தேநீர் விருந்தைப் பற்றி எழுதாவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. அதற்கு முன் நன்றிக் கடிதம். அலுவலகம் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியது. மகள் அதைப் பார்த்து எழுதினாள். இன்னும் உங்கள் மனத்திலிருந்து வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மனத்திலிருந்து எழுதினாள். சற்று நீளமாகிவிட்டது, மாதிரியை ஒட்டி இருக்கட்டும் என்று மீண்டும் வந்தது. இவ்வளவு திருத்தத்தை எங்கள் தணிக்கையாளர்கூடக் கேட்பதில்லை.

விருந்துக்குப் பெற்றோரும் வரலாம் என்றதால் போனேன். ஒலிபெருக்கி, புகைப்படம், பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை எல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓரளவு இருந்தது. மற்ற மேசைகளில் நிறுவனப் பிரதிநிதிகள் பெயர் அட்டையோடு நின்றார்கள், பிள்ளைகள் வரிசையில் போய்க் கைகுலுக்கினார்கள். எங்கள் மேசையில் எழுபதைத் தாண்டிய ஒரு சீன அம்மையார் தனியாக உட்கார்ந்து கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிதி அவருடைய தாயாரின் பெயரில் இருக்கிறது. தாயார் தாதிமைப் பள்ளியில் படித்துப் பல ஆண்டுகள் வார்டில் இருந்தவர். பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, ரொம்ப நன்றி" என்று மகள் மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கால் வீங்குகிறதா?" என்று கேட்டார். மகள் விழித்தாள். "அம்மா வேலை முடிந்து வந்தால் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரிடமும் பேச மாட்டார். உன் காலணியைக் காட்டு" என்றார். காட்டினாள். அகலம் போதாது என்று சொல்லி, தன் அம்மா எப்படி அரை அளவு பெரிதாக வாங்கி உள்ளே துணி வைப்பார் என்று விளக்கினார். பிறகு வார்டில் இப்போது எத்தனை நோயாளிக்கு ஒரு தாதி, இரவு ஷிப்ட் எப்படி, மருந்து வண்டியில் கணினி வைத்திருக்கிறார்களாமே என்று கேள்வி மேல் கேள்வி. பேச்சு முழுவதும் வேலையைப் பற்றித்தான். நன்றி பற்றி ஒரு சொல் இல்லை. புகைப்படக்காரர் வந்தபோது இருவரும் குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை அலுவலகம் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

நிறுவனம் தரும் நிதியில் இது கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். கிடைப்பதற்கான வாய்ப்பு குறைவு என்பேன். இறந்த ஒருவரின் பெயரில் அவர் வீட்டார் வைக்கும் நிதியில், கொடுப்பவருக்கு அந்த வேலையைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது.

கொடுக்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. இப்படிப்பட்ட நிதிகளில் பல, முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவு செய்பவை. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 4,000 வெள்ளி தர 100,000 வெள்ளி முதல் வேண்டும். அரசாங்கம் பல்கலைக்கழக நன்கொடைகளுக்கு ஈடு சேர்ப்பது உண்டு. வெள்ளிக்கு வெள்ளி கிடைத்தால் குடும்பம் போட வேண்டியது 50,000. அங்கீகாரம் பெற்ற பொது நல அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு. அதாவது 125,000 வெள்ளிக்கு வரி இல்லை. உச்ச விகிதமான 24 விழுக்காடு வரி கட்டும் ஒருவருக்கு அதில் 30,000 மிச்சம். ஆக அவர் கையை விட்டுப் போவது 20,000 வெள்ளி, பெயர் நிற்பது காலத்துக்கும். ஒரே ஆண்டில் கழிக்க முடியாவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நடுத்தரக் கல்யாணச் செலவைவிட இது குறைவு என்பதைத்தான் சொல்கிறேன்.

வசதியில்லாதவர்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இந்தியச் சமூக மேம்பாட்டு அமைப்பான சிண்டாவுக்கு மாதாமாதம் போகும் கழிவைப் போடுகிறவன் நான். சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. "இது எங்கே போகிறது அண்ணே?" என்று லாரி ஓட்டும் தம்பிகள் கேட்பார்கள். 1991இல் தொடங்கிய அந்த அமைப்பின் உதவிநிதி அக்கா மகனுக்குத் தொழிற்கல்லூரிக் காலத்தில் கிடைத்தது. ஆகவே பதில் சொல்ல எனக்குச் சுலபம். 1950களில் பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக நிதி திரட்டியபோது கூலித் தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று கொடுத்த அதே சமூகம், மருத்துவமனை வார்டில் தமிழ் பேசும் தாதி இருக்க வேண்டும் என்று இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. கஞ்சியைத் தள்ளிவைத்த பாட்டிக்கு அதுதான் வேண்டியிருந்தது. கோயில் குடமுழுக்குக்கு ரசீதுப் புத்தகம் எடுத்துவரும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்த முறை வரும்போது இதைப் பற்றி அவர்களிடம் பேசப்போகிறேன்.

யாருக்கு எது பொருந்தும்? வீட்டில் மாத வருமானம் தடுமாறுகிறது, பிள்ளைக்கு எங்கே வேலை பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை என்றால் பாண்டோடு வரும் உபகாரச் சம்பளத்தைத் தயங்காமல் எடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தைப் பெற்றோர் உட்கார்ந்து படிக்க வேண்டும், பிள்ளையோடு சேர்ந்து. மருத்துவப் படிப்பு என்றால் ஆண்டுக் கட்டணமே 30,000 வெள்ளியைத் தாண்டும், பாண்டும் எப்படியும் உண்டு. அங்கே தொகை பெரிதாக இருக்கும் நிதியைத் தேடுங்கள். தாதிமை, ஃபிசியோதெரபி, கதிரியக்கம் போன்றவற்றுக்குச் சிறிய நினைவு நிதிகளை ஒதுக்காதீர்கள். பட்டியலில் கடைசியில் இருக்கும், பெயர் யாருக்கும் தெரியாது, விண்ணப்பிப்பவர்களும் குறைவு. வேறு நிதியோடு சேர்த்து வாங்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்வது செல்லாது.

மகளுடைய நிதிக்கு என் மதிப்பெண்: நேர்காணலுக்கு முழு நட்சத்திரம், பாண்டு இல்லாததற்கு முழு நட்சத்திரம், அந்த அம்மையாருக்குத் தனியாக ஒன்று. கடிதத் திருத்தங்களுக்காக எதையும் குறைக்கவில்லை, அது அலுவலகத்தின் பழக்கம். மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று டிசம்பருக்காக. ஆகஸ்டில் பணம் போட்டால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.